உன் பெயரில் ஒரு மேடு

நேற்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுக்கவேண்டிய முதல் வகுப்பு. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அந்த வாடை முகத்தில் வந்து அப்பியது. ஏ.சி. ஈரம் ஊறிய கம்பளம், அதில் பல பேருடைய வியர்த்த காலுறை, எல்லாவற்றையும் மறைக்க அடித்த மல்லிகை ஸ்பிரே. செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டேன். வயிறு புரண்டது. "என்ன மேடம், ஏ.சி. ஒத்துக்கலையா?" என்று சென்டர் முதலாளி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவரிடம் உன்னைப் பற்றியா சொல்ல முடியும்?

நம் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது இதே வாடைதான். தூசி போகக்கூடாது என்று எல்லோரையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். ஷூ போட்டு வரும் வாத்தியார்கள் காலுறையோடு உள்ளே நடமாடுவார்கள். நீ என் காதுக்குள் சொன்னாய்: "ஏட்டி, எங்க ஊர்க் கருவாடு இருக்குல்லா, அது சொல்லிட்டு நாறும். இது செண்டு போட்டுக்கிட்டு நாறுது." எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் நம் ஆய்வுக்கு வழிகாட்டியான கைடு உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நீ சத்தமாகவே சிரித்தாய்.

உனக்குப் புன்னக்காயல், அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். எனக்குக் களக்காடு, வீட்டில் எல்லோரும் வாழைத் தோட்டத்துக் கூலி. இரண்டு வீட்டிலும் நமக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பாளையங்கோட்டையில் இயற்பியல் எம்.ஃபில். சேர்ந்தபோது விடுதியில் ஒரே அறை கொடுத்தார்கள். நான் யாராவது கேட்டால் மட்டும் பேசுகிறவள். நீ யாரும் கேட்காதபோதும் பேசுகிறவள். அதனாலேயே ஒத்துப்போயிற்று.

நமக்குக் கிடைத்த தலைப்பை வீட்டில் சொல்லிப் புரியவைக்க நான் முயன்றதே இல்லை. ரொம்பச் சின்ன ஓர் உலோகத் தீவு. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு நானோமீட்டர். அப்படிச் சில பத்து நானோமீட்டர் அகலம்தான் அதற்கு. இரண்டு பக்கமும் மெல்லிய தடுப்பு. எலக்ட்ரான் ஒரு தடுப்பை ஊடுருவித் தீவுக்குள் வரும். பிறகு மறு தடுப்பை ஊடுருவி வெளியேறும். எந்தக் கணத்தில் ஊடுருவும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லலாம். சராசரி மின்னோட்டத்தை மீட்டரில் படித்துவிடலாம். நாம் தேடியது அதை அல்ல. ஓர் எலக்ட்ரான் வெளியே வந்ததற்கும் அடுத்தது வந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்? அந்த இடைவெளிகள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன?

எனக்குச் சமன்பாடு வந்தது, விஷயம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை ஆற்றில் துணி அலசிக்கொண்டிருக்கும்போது நீதான் சொன்னாய்.

"எங்க ஊர்ல ஆறு கடல்ல விழுத இடத்துல மணல் மூடிக் கெடக்கும்ட்டி. ஒரு வள்ளம் நுழையத்தான் ஆழம் இருக்கும். ஒண்ணு உள்ள நிக்கையில அடுத்தது வெளியதான் நிக்கணும். சாயங்காலத்துல எத்தனை வள்ளம் வந்துச்சுன்னு மட்டும் கேட்டா உனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. கரையில உக்காந்து ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல உள்ள நேரத்தைப் பாரு. ரெண்டு ஒட்டி ஒட்டி வருதா, வாசல் அகலம். ஒட்டி வரவே மாட்டுக்கா, உள்ள ஒண்ணுக்குத்தான் இடம். வாசலைப் பாக்காமலே வாசலைச் சொல்லிரலாம்."

"அப்ப சிதறுனாத்தான் விஷயமா?"

"பின்ன? சிதறலைத் தொடச்சிட்டா மிச்சம் என்ன இருக்கு, மீட்டர் முள்ளுதான்."

அதுவரை நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறு. பி.எஸ்சி. செய்முறைத் தேர்வில் ஊசல் ஆடும், நாம் நேரம் பார்ப்போம்; ஆனால் விடை என்ன வரவேண்டும் என்பது முதலிலேயே தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை எழுதுவதற்கு எல்லாக் கல்லூரியிலும் ஒரே பெயர்தான், 'குக் பண்ணுவது'. எல்லா அளவீடும் ஒன்றுபோல இருந்தால் முழு மதிப்பெண். கொஞ்சம் விலகினால் சிவப்பு மையில் வட்டம். சிதறல் என்றால் அழுக்கு, அதை ஒளித்துவிட வேண்டும் என்று நம் கைகளுக்குப் பழக்கியிருந்தார்கள். கைடையும் யாரோ அப்படித்தான் பழக்கியிருப்பார்கள்.

அவர் ஏதோ கோடைப் பட்டறைக்குப் போனபோது ஒரு புரோகிராமை எழுதி ஃபிளாப்பியில் கொண்டுவந்திருந்தார். தினமும் காலையில் நீயோ நானோ கம்ப்யூட்டரைப் போட்டு அதை ஓடவிட வேண்டும். அது குருட்டாம்போக்காக எண்களை எடுத்து, ஒவ்வோர் எலக்ட்ரானும் எப்போது வருகிறது என்று பாவனை செய்து, எந்த இடைவெளி எத்தனை தடவை வந்தது என்று மாலையில் ஒரு வரைபடம் தரும். ஏறி இறங்கும் வளைவு. இறங்குகிற சரிவில் ஒரு சின்ன மேடு. அந்த மேடு கோட்பாட்டில் இல்லை. மறுநாளும் அதே இடத்தில் அதே மேடு. அதற்கு மறுநாளும்.

கைடு ஒவ்வொரு நாள் வளைவையும் டிரேசிங் தாளில் வரையச் சொல்லி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் ஒரே கோடாகத் தெரிந்தன. "பாத்தீங்களாம்மா! ஒரு மயிரிழை விலகல. ஒரு வெளிநாட்டு லேப்ல இப்படி வருமா?" அவர் விரலில் சமோசா எண்ணெய். பேனா மூடியால் காது குடைவது அவர் வழக்கம். குடைந்த மூடியாலேயே அந்த மேட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தாளில் எண்ணெயும் காதழுக்கும் சேர்ந்து ஒரு மஞ்சள் புள்ளி விழுந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன். அந்த வாரமே மூவர் பெயரும் போட்டு, அவர் பெயர் முதலில், கட்டுரை ஒரு கருத்தரங்குத் தொகுப்புக்குப் போயிற்று.

பிறகு ஒரு நாள் கரண்டு போய் வந்தது. காத்திருந்த சலிப்பில் நீ மொத்தக் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வோர் இடைவெளியையும் திரையில் காட்டும்படி மாற்றினாய். மறுநாள் காலை நான் வந்தபோது நீ நாற்காலியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாய்.

"ஏட்டி, இங்கன வா. நேத்து மொத எலக்ட்ரான் வந்த நேரத்தைப் பாத்து வச்சிருந்தேன். இன்னைக்கும் அதே நேரம். ரெண்டாவதும் அதே. மூணாவதும் அதே. இது என்ன எலக்ட்ரானா, எங்க ஊர்க் கோயில் மணியா?"

குருட்டாம்போக்கு என்று நாம் நம்பிய எண்களைக் கம்ப்யூட்டர் ஒரு வரிசையில் வைத்திருக்கிறது. வேறு இடத்திலிருந்து தொடங்கு என்று சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறை புரோகிராமைத் தொடங்கும்போதும் வரிசையின் தலையிலிருந்தே எடுக்கும். தினமும் நாம் புது ஓட்டம் என்று நினைத்தது ஒரே ஓட்டம். ஒரு பிடி நெல்லை வீசினால் எங்காவது கொஞ்சம் குவிந்து விழும். நாம் தினமும் வீசாமலே நேற்று விழுந்த நெல்லைப் பார்த்து, குவியல் மாறவில்லையே என்று வியந்துகொண்டிருந்தோம்.

கம்ப்யூட்டர் கடிகாரத்தின் நேரத்தைக் கொண்டு வரிசையில் தொடங்கும் இடத்தை மாற்றச் சொல்லி நீ ஒரே ஒரு வரி சேர்த்தாய். வளைவு தினமும் வேறு வேறு இடத்தில் பிசிறடித்தது. எல்லாவற்றையும் கூட்டியபோது மேட்டைக் காணோம். கோட்பாடு சொன்னபடியே சரிவு வழுவழுவென்று இறங்கியது. நீ கைதட்டினாய். எனக்குப் பயம்தான் வந்தது. கட்டுரை போய்விட்டதே.

கைடிடம் நீதான் சொன்னாய், நான் உன் பின்னால் நின்றேன். அவர் பேனா மூடியைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"யாரு உன்ன நோண்டச் சொன்னா?"

"சார், கட்டுரையைத் திருப்பி வாங்கிரலாம் சார். ஒரு கடுதாசி போட்டாப் போதும்."

"திருப்பி வாங்கிட்டு? எல்லாரும் சிரிக்கவா? இதுவே சிதறலை, அந்த இரைச்சலைப் பத்தின வேலை. இரைச்சல்ல கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு இருக்கத்தான் செய்யும். பொம்பளப் பிள்ளையா வந்தமா, பட்டத்தை வாங்குனமா, போனமான்னு இருக்கணும்."

வெளியே வந்ததும் வராந்தாக் குழாயில் நீ வாயைக் கொப்பளித்தாய். "அந்த மூடியைப் பாத்தியாட்டி? அந்தப் பேனாலதான் நம்ம தீஸிஸ்ல கையெழுத்து."

தவக்காலத்தில் ஊருக்குப் போனவள் மஞ்சள் காமாலையோடு பெரியாஸ்பத்திரிக்குத்தான் திரும்பி வந்தாய். வார்டில் பினாயில் நெடி. உன் கண் முழுக்க மஞ்சள். "பயந்துராத. கலர் பென்சில் வச்சு என்னையும் சார்ட்டுல தீத்திட்டாங்க" என்றாய். சிரிக்க உனக்குத் தெம்பில்லை. கொஞ்சம் கழித்துக் கேட்டாய்: "சார் அந்தக் கட்டுரையைத் திருப்பி வாங்கிட்டாரா?"

இல்லை என்றேன்.

"அப்ப எம் பேரையாவது எடுக்கச் சொல்லு. அவரு பேரு என்னமும் நாறட்டும். எம் பேரு வேண்டாம்."

நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் போய்ச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு தரம் சொன்னேன். "எடுத்துரலாம்மா, அதுக்கென்ன" என்றார் கைடு. அந்த வாரம் நீ போய்விட்டாய்.

உன் அடக்கத்துக்குப் பிறகு வடக்கே ஓர் ஊரிலிருந்து கைடுக்குக் கடிதம் வந்தது. நாங்களும் அதே கணக்கை ஓட்டிப் பார்த்தோம், மேடு வரவில்லையே, விளக்க முடியுமா என்று. துறையில் எல்லோருக்கும் அது தெரிந்தது. சில நாள் கழித்துக் கைடு திடீரென்று உனக்கு ஓர் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தார்.

கருத்தரங்கக் கூடத்தில் உன் படத்துக்கு ரோஜா மாலை. முன் வரிசையில் உன் அம்மாவும் அப்பாவும். பின் வரிசையில் எவனோ போண்டா தின்கிற சத்தம். கைடு பேசும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கண் காய்ந்துதான் இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். "இந்த மேட்டை முதல்ல பாத்தது அந்தக் குழந்தைதான். புரோகிராமை ராப்பகலா ஓட்டுனதும் அவதான். நான் வெறும் வழிகாட்டி. இனிமே இந்த மேட்டுக்கு அவ பேர்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேடு பெருமையாக இருந்தவரை முதல் பெயர் அவருடையது. அது பொய் என்று நாலு பேருக்குத் தெரியவந்ததும் உன் தலையில் இறக்கிவைக்கிறார். நீ எழுந்து வந்து பேசவா போகிறாய்? குமட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்குக் கால் நகரவில்லை.

ஒரே சட்டத்தில் மேலே உன் படமும் கீழே அந்த வரைபடமும் வைத்துக் கண்ணாடி போட்டு உன் அப்பாவிடம் கொடுத்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார், பூசையில் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குவதுபோல. வாசலில் என்னைப் பார்த்ததும், "மக்கா, இந்தக் கோடு எம் பிள்ளை போட்டதா?" என்று கேட்டார். கைடு ஓரடி தள்ளி நின்றிருந்தார். "நான் ஊருக்கு வந்து சொல்லுதேன்பா" என்று மட்டும் சொன்னேன்.

என் ஆய்வேட்டிலிருந்து மேடு பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டுத்தான் டைப் அடிக்கக் கொடுத்தேன். வைவா அன்று வெளித்தேர்வாளர் கையில் இருந்த பிரதியைப் பார்த்தால் அத்தியாயம் திரும்பவும் இருக்கிறது. முன்னால் ஒரு சமர்ப்பணப் பக்கம் வேறு, உன் பெயருக்கு. கைடு தட்டச்சுக்காரரிடம் சொல்லிச் சேர்த்திருக்கிறார். தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "இது என்னம்மா, புது மேடு?" என்றார். நான் வாய் திறக்குமுன் கைடு சொன்னார்: "அது காலமான ஒரு பொண்ணு கண்டுபிடிச்சது சார்."

"இல்ல சார்" என்றேன். என் குரல்தான். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். "அவ கண்டுபிடிச்சது மேடு இல்ல. மேடு கிடையாதுங்கறதை. அஞ்சு நிமிஷம் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தீங்கன்னா காட்டுதேன்."

வந்தார்கள். வாசலில் ஷூக்களைக் கழற்றினார்கள். தேர்வாளரின் காலுறையில் பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாடைக்குள் உட்கார்ந்து கைடின் பழைய புரோகிராமை ஓடவிட்டேன். திரையில் எண்கள் வந்தன. அணைத்தேன். திரும்பப் போட்டேன். அதே எண்கள், அதே வரிசை. மூன்றாம் தடவை தேர்வாளரே அணைத்துப் போட்டுப் பார்த்தார். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "அட, ரெக்கார்டு பிளேயராவுல்ல இருக்கு!" உன் ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினேன். எண்கள் மாறின. கைடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கைடு அறையில் கேசரியும் போண்டாவும் வந்தன. தேர்வாளர் கேசரியை வழித்துக்கொண்டே, "நல்ல பிள்ளை. தைரியமா செஞ்சிருக்கா. பாஸ் போட்டுருவோம். எதுக்கு அத்தியாயத்தை எல்லாம் கிழிச்சுக்கிட்டு? அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுருங்க" என்றார்.

"காலமான மாணவி புரோகிராமில் செய்த சிறு பிழைன்னு போட்டுரலாம் சார்" என்றார் கைடு. நாக்குத் துளியும் தடுக்கவில்லை.

"புரோகிராமை எழுதினது நீங்க சார்" என்றேன்.

ஒரு நொடி யாரும் மெல்லவில்லை. பிறகு தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ரயிலுக்கு நேரமாகுது. போனவங்களுக்கு இனிமே என்னம்மா ஆகப்போகுது? இருக்கறவங்க வாழணும்லா." கையைத் தாளில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கொடுத்தது கைடு. மூடியை அவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். நேரே புன்னக்காயலுக்குப் பஸ் ஏறினேன். உன் வீட்டுச் சுவரில் அந்தச் சட்டம், சூசையப்பர் படத்துக்குப் பக்கத்தில். உன் அப்பா வலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். நானோமீட்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே நாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு எல்லா நாளும் இப்படித்தான் என்று எழுதிவிட்டார்கள், அதைக் கண்டுபிடித்தது உங்கள் பெண், ஆனால் பழியை அவள்மேல் போட்டிருக்கிறார்கள் என்றேன். ஆஸ்பத்திரியில் நீ கேட்டதையும் சொன்னேன்.

உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கும்புட்டுல்லா வாங்குனோம் அந்தாளுகிட்ட."

உன் அப்பா கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "பேரை எடுக்கச் சொன்னாளா?"

"ஆமாப்பா."

"அப்ப எடுத்துரணும்."

சட்டத்தை இறக்கிப் பின்பக்க ஆணிகளைப் பைய நெம்பினார். வரைபடத்தை உருவினார். "இதுல எது அவ பேரு?" ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினேன். வலைக் கயிறு அறுக்கிற கத்தியால் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டினார். உன் பெயரை உன் படத்தின் கீழே கண்ணாடிக்குள் வைத்தார். மீதித் தாளை என்னிடம் நீட்டினார். "இதைக் கொண்டு போயிரு மக்கா. வீட்டுல வைக்க வேண்டாம்."

மறுநாள் கைடு இல்லாத நேரம் பார்த்து அந்தத் தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன், மேடு அப்படியே, கீழே ஓர் ஓட்டை.

என் பட்டம் வந்துவிட்டதாக அலுவலகத்திலிருந்து கடிதம் போட்டிருக்கிறார்கள். நான் போய் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நான் ஏதாவது கல்லூரியில் இருந்திருப்பேன், பாத்திரக்கடை மாடியில் இல்லை. என் அப்பாவுக்கு அது வருத்தம்தான், ஆனால் சொல்வதில்லை. நூலகத்து அலமாரியில் என் ஆய்வேடு இருக்கிறது. அதன் அடிக்குறிப்பில் நீ இன்னும் பிழை செய்துகொண்டிருக்கிறாய். அங்கேயும் வெட்டி எடுக்கும்வரை அந்தப் பட்டத்தைத் தொட மாட்டேன். அதற்கு என்னிடம் உன் அப்பாவின் கத்தி இல்லை. நேற்று வாசலில் வயிற்றைப் புரட்டிய இந்தக் குமட்டல்தான் இருக்கிறது. முதலாளி நாலு நாளில் பழகிவிடும் என்கிறார். பழகாமல் பார்த்துக்கொள்கிறேன்.